ஒன்றுமில்லாத இடத்தில் எண்பத்தொரு நாள்

உன்னிச்சையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற வாரம் என் கைக்கு வந்தது. பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். குளத்தின் கீழ் சிறிதளவு வயல் செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பம் அது. மூத்த மகள் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியடைந்து, பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயில வேண்டுமென்று நிற்கிறாள். 'சந்திரா' என்னும் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றி எங்கோ படித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லையாம். தாயார் கேட்பது இது: "ஒன்றுமே தெரியாத வானத்தை எண்பத்தொரு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், ஐயா. வயலுக்கு ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் என்ன நட்டமென்று எனக்குத் தெரியும். எண்பத்தொரு நாளும் பார்த்து அவர்கள் என்னத்தைக் கண்டார்கள்? ஒன்றும் காணவில்லையென்றால் பிள்ளையை வேறு படிப்புக்கு விடலாம் அல்லவா?"

நேர்மையான கேள்வி. பிரபஞ்ச இரகசியம், மனித அறிவின் வெற்றி என்று பெரிய சொற்களை அடுக்கி இதிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். ஆனால், போட்ட விதைக்கு விளைந்த நெல் எவ்வளவு என்று கேட்பவருக்குக் கணக்குத்தான் விடை. ஆகவே கணக்கையே சொல்கிறேன். சற்று நீளும், நேயர்கள் பொறுத்தருள்க.

ஜெர்மனியில் ரொண்ட்ஜன் என்னும் பேராசிரியர் 1895ஆம் ஆண்டு கண்டறிந்த எக்ஸ்-கதிரை நாம் வைத்தியசாலையில் மட்டுமே சந்திக்கிறோம். கை முறிந்தாலும் நெஞ்சிற் சளி கட்டினாலும் படம் பிடிக்கிறார்கள். கதிர் தசையை ஊடுருவிச் செல்கிறது. எலும்பு அதை மறித்துவிடுகிறது. வானத்திலுள்ள பொருள்களிற் பலவும் இதே கதிரை உமிழ்கின்றன. பல இலட்சம் பாகை வெப்பமுள்ள வாயு எங்கிருந்தாலும் அங்கிருந்து எக்ஸ்-கதிர் புறப்படும். ஆயினும் அது நம்மை வந்து சேர்வதில்லை. நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதையும் தாங்கிக்கொண்டு விடுகிறது. பயிருக்கும் உயிருக்கும் அது பெரிய பாதுகாப்பு. வானியலாளருக்கோ மூடிய கதவு. காற்றுக்கு மேலே கருவியைக் கொண்டுபோகும் வரைக்கும் எக்ஸ்-கதிர் வானம் எப்படியிருக்குமென்று எவரும் அறியார்.

அந்தக் கதவைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் இத்தாலியிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ரிக்கார்டோ ஜியாக்கோனி. சந்திரன்மேற் சூரிய ஒளி படும்போது அங்கிருந்து எக்ஸ்-கதிர் எழுகிறதா என்று பார்க்கவே அவரும் துணைவர்களும் ரொக்கெட் அனுப்பினார்கள். 1961 ஒக்டோபரில் அனுப்பிய ரொக்கெட் நன்றாகத்தான் மேலே ஏறியது. ஆனால் கருவியை மூடியிருந்த கதவு திறக்கவில்லை! அடுத்தது 1962ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி நள்ளிரவை அண்டி, நியூ மெக்சிக்கோ பாலைவனத்திலிருந்து புறப்பட்டது. காற்றுக்கு மேலே அதற்குக் கிடைத்த நேரம் ஆறு நிமிடம் கூட இல்லை. அந்தச் சொற்ப நேரத்தில் அவர்கள் தேடிப்போன சந்திரனைக் காணவில்லை. தேடாத இரண்டைக் கண்டார்கள். ஒன்று, விருச்சிக ராசியின் திக்கிலிருந்து வந்த பலமான எக்ஸ்-கதிர். அதுவே சூரியனுக்கு அப்பால் முதன்முதற் கண்டறியப்பட்ட எக்ஸ்-கதிர் மூலம். மற்றது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவில் வந்துகொண்டிருந்த மெல்லிய ஒளிர்வு. எக்ஸ்-கதிரிற் பார்த்தால் இரவு வானத்தில் இருளே இல்லை; வானம் முழுவதும் மங்கலாய் ஒளிர்கிறது.

முதலாவதைப் பற்றி உலகம் நிறையப் பேசியது. இரண்டாவதுதான் தாயாரின் கேள்விக்கு உரியது. எங்கும் நிறைந்த அந்த ஒளிர்வு எதனால் உண்டாகிறது?

இரண்டு கட்சிகள் எழுந்தன. அண்டவெளியெங்கும் கொதிக்கும் வாயு மூடுபனிபோற் பரந்து கிடக்கிறது, அந்த வாயுவே ஒளிர்கிறது என்றனர் ஒரு சாரார். மூடுபனி என்று எதுவுமில்லை, எண்ணற்ற தனித்தனிப் புள்ளிகள் தொலைவிலிருப்பதால் ஒன்றாய்க் கலந்து தெரிகின்றன என்றனர் மறு சாரார். உன்னிச்சையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க நான் பாடுபட வேண்டியதில்லை. ஐப்பசி மழை விழுந்த முதல் இரவில் குளக்கட்டில் நின்றால், கீழே வயற்புறம் முழுவதிலுமிருந்து ஒரே இரைச்சல் எழுகிறது. வெளியூரான் ஒருவன் அதைக் கேட்டால், நிலமே இரைகிறதென்று நினைப்பான். வரம்பில் இறங்கி நடந்தால், இங்கொன்று அங்கொன்றாகத் தவளைகள் தனித்தனியே கத்துவது கேட்கும். இரைச்சல் என்று தனியாக ஒரு பொருள் இல்லை, தவளைகள்தாம் உண்டு. வானத்தின் ஒளிர்வும் அத்தகையதா, அன்றி உண்மையாகவே நிலம் இரைகிறதா என்பதே வழக்கு.

வழக்கு ஏறக்குறைய முப்பது வருடம் நீடித்தது. 1990ஆம் ஆண்டு மூடுபனிக் கட்சிக்குப் பெரிய அடி விழுந்தது. அண்டம் தோன்றிய காலத்திலிருந்து எஞ்சிய நுண்ணலை வெப்பத்தை 'கோபி' என்னும் செய்மதி அளந்து, அதில் ஒரு மாசும் இல்லையென்று காட்டியது. வெளியெங்கும் கொதிக்கும் வாயு நிறைந்திருந்தால் அந்த வெப்பக் கதிரில் அதன் கறை படிந்திருக்க வேண்டும், படியவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியர் அமெரிக்கருடனும் பிரித்தானியருடனும் கூடி 'ரோசாட்' என்னும் எக்ஸ்-கதிர்ச் செய்மதியை அனுப்பினர். அது எடுத்த முதற் படங்களுள் ஒன்று சந்திரனுடையது. சந்திரனிற் சூரிய ஒளி பட்ட பாதி ஒளிர்ந்தது. மறுபாதி கன்னங்கரேலென்று, பின்னாலிருந்த வானத்தைவிட இருண்டு தெரிந்தது. வானம் பிரகாசிக்க, சந்திரன் நிழலாய் நிற்கும் காட்சி! 1962இல் தேடிப்போய்க் காணாத சந்திரன், தன் பின்னால் இருந்த ஒளிர்வுக்கே சாட்சியாய் வந்து நின்றதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாயிருக்கிறது.

ரோசாட் சப்தரிஷி மண்டலத்தின் அருகே ஓரிடத்தை நெடுநேரம் உற்று நோக்கி, மென்மையான எக்ஸ்-கதிர் ஒளிர்விற் பெரும்பகுதியைத் தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் சற்றே வலிய கதிர்களை அதனாற் பார்க்க இயலவில்லை. அதற்குக் கூரிய கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண்தான் சந்திரா. 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி 'கொலம்பியா' விண்வெளி ஓடம் அதைச் சுமந்து சென்றது. அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்றுக்குப் பெண்ணொருவர், ஐலீன் கொலின்ஸ், தலைமை தாங்கிய முதற் பயணமும் அதுவே. இதைத் தாயார் மகளுக்கு வாசித்துக் காட்டலாம். அவள் முன்பே அறிந்திருக்கவுங் கூடும்.

எக்ஸ்-கதிருக்குக் கண்ணாடி செய்வது எளிதன்று. நேராக விழுந்தால் கதிர் கண்ணாடிக்குள் புதைந்துபோகும். ஓட்டுச் சில்லைக் குளத்து நீரில் நேரே போட்டால் அமிழ்ந்துவிடும், தண்ணீரோடு தண்ணீராய்ச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகும் அல்லவா? அதே உபாயந்தான். நீண்ட குழாய் போன்ற கண்ணாடிகளின் உட்சுவரிற் கதிர் உரசிக்கொண்டு செல்லும்படி அமைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சோடிக் கண்ணாடிகள்; அவற்றின்மேல் இரிடியம் என்னும் உலோகப் பூச்சு. நாலு கிலோமீற்றருக்கு அப்பால், ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் எரியும் இரண்டு திரிகளை இரண்டென்று பிரித்துக் காணும் கூர்மை அதற்கு உண்டு. அத்தகைய கூர்மை இல்லாவிட்டால் இரண்டு மங்கிய புள்ளிகள் ஒன்றாகிப் போகும், வழக்கும் தீராது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாகூரில் 1910இல் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை நண்பர்கள் 'சந்திரா' என்றே அழைப்பர். (ஓர் இந்துக் கல்லூரியிற் கற்பிக்கும் எனக்கு அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்வதில் ஒரு சிறு பெருமை உண்டென்பதை மறைப்பானேன்?) 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து அணையும் விண்மீனின் மிச்சம் சூரியனின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்டால், அது வெண்குறளியாய் அமைதியடைய முடியாது. மேலும் மேலும் சுருங்கவே வேண்டும் என்பது அக்கணக்கின் முடிவு. 1935இல் இலண்டனிற் பெரியார் எடிங்டன் சபையறிய அதை நகையாடினார். கணக்கோ நிலைத்தது, 1983இல் நோபல் பரிசும் வந்தது. அவர் 1995இல் மறைந்தார். தொலைநோக்கிக்குப் பெயர் சூட்ட நாசா போட்டி வைத்தபோது, அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய ஆறாயிரம் விண்ணப்பங்களிலிருந்து அவர் பெயரையே தேர்ந்தார்கள்.

இனி எண்பத்தொரு நாள்.

தெற்கு வானத்தில் 'உலை' என்று மேனாட்டார் பெயரிட்ட நட்சத்திர மண்டலம் ஒன்றுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு வானியலாளர் ஒருவர் இரசாயன அடுப்பை நினைந்து இட்ட பெயர். பொங்கலன்று அடுப்பு மூட்டுகிற நமக்கு வானத்திலும் ஓர் அடுப்பு இருப்பது பொருத்தந்தான்! மழை விட்டிருந்தால், தைப்பொங்கல் இரவு எட்டு மணியளவில் உன்னிச்சைக் குளக்கட்டிலே தெற்கு நோக்கி நில்லுங்கள். இடப்புறம் கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும் உயர்ந்து நிற்கும். தென்கிழக்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம் மின்னும். நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து உச்சி வரையுள்ள உயரத்தை ஐந்து பங்காக்கினால் மூன்று பங்கு உயரத்தில் மங்கிய ஓரிரு நட்சத்திரங்களைத் தவிர வேறொன்றும் இராது. அந்த இடந்தான். நம் பால்வீதியின் வாயு அத்திசையில் மிக மெல்லிதாயிருப்பதால், தெளிந்த நீரினூடே குளத்தின் அடியைப் பார்ப்பதுபோல் நெடுந்தூரம் பார்க்கலாம். வேண்டுமென்றே வெறுமையான இடத்தைத் தேடிப் பிடித்தார்கள் என்று சொன்னாலும் தகும்.

பூரண சந்திரனின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவான அத்துண்டு வானத்தை, 1999 தொடக்கம் 2016 வரை 102 தடவைகளாகச் சந்திரா நோக்கியது. எல்லாவற்றையும் கூட்டினால் 70 இலட்சம் செக்கன். அதாவது எண்பத்தொரு நாள். இதைவிட நீண்ட எக்ஸ்-கதிர் நோக்கு வேறெங்கும் நிகழ்ந்ததில்லை. அங்குள்ள மிக மங்கிய பொருள்களிலிருந்து வந்த ஒளித்துகள்கள் ஏறக்குறையப் பத்து நாளுக்கு ஒன்று! ஒளியென்று சொல்லவே கூச்சமாயிருக்கிறது. எண்பத்தொரு நாளிலே ஒரு கைப்பிடி கூட அல்ல, விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அவை அனைத்தும் ஒரே புள்ளியில் வந்து விழுந்தால், அங்கே ஏதோ இருக்கிறதென்று கணிதம் துணிந்து சொல்லும். ஒரு நாள் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அப்பொருள்கள் இல்லையென்றே எழுதியிருப்பார்கள்.

2017இல் வெளியான பட்டியலின்படி, அந்தத் துண்டு வானத்தில் 1,008 எக்ஸ்-கதிர் மூலங்கள். அவற்றுள் நூற்றுக்கு எழுபதளவில் இராட்சதக் கருந்துளைகள். எஞ்சியவற்றிற் பெரும்பாலானவை சாதாரண விண்மீன் மண்டலங்கள். ஒரு சில மட்டும் நம் பால்வீதியின் நட்சத்திரங்கள். படத்தின் நடுப்பகுதியிற் கருந்துளைகள் எவ்வளவு நெருக்கமாய் இருக்கின்றனவோ அந்த நெருக்கத்தை வானம் முழுவதற்கும் பெருக்கினால், நூறு கோடியளவில் வருகிறது.

கருந்துளை ஒளியை விழுங்குவது. அது எப்படி ஒளிரும் என்று கேட்பீர்கள். ஒளிர்வது கருந்துளை அன்று, அதற்குள் விழப்போகும் வாயு. நீர் வெளியேறும் துரும்புவாயிலைச் சுற்றிச் சுழி உண்டாவதுபோல், வாயு சுழன்று சுழன்று ஒன்றோடொன்று உரசிக் கொதித்து, மறைவதற்கு முன் எக்ஸ்-கதிராய் எரிகிறது. நமது பால்வீதியின் நடுவிலும் சூரியனைப்போல் 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உண்டு. தீனி குறைவாகையால் அமைதியாயிருக்கிறது. உலை மண்டலத்திற் கண்டவற்றுட் பல இலட்சமல்ல, பல கோடி சூரியன்களின் நிறையுடையவை. சந்திரசேகர் கணக்கிட்டது ஒற்றை விண்மீனின் முடிவை. இந்த இராட்சதர்கள் அவ்வளவு பெரிதாய் வளர்ந்தது எங்ஙனம் என்பது வேறு கதை. அவற்றின் வளர்ச்சியைக் காலவரிசையிற் பார்க்க முடிந்ததே இந்த நோக்கின் பெரும்பேறு. அந்த ஒளித்துகள்களிற் பெரும்பாலானவை நம் பூமி உருவாகுமுன்னரே அங்கிருந்து புறப்பட்டவை.

ஆகவே, தாயாருக்கு என் விடை: ஒன்றுமில்லாத இடத்தில் ஆயிரத்தெட்டைக் கண்டார்கள். சந்திராவின் பார்வைக்கு எட்டும் ஆற்றல் எல்லைக்குள், 1962இற் கண்ட ஒளிர்வில் நூற்றுக்கு 80 முதல் 90 வீதம் வரை தனித்தனிப் பொருள்களுக்குரியது என்று பெயர் சொல்லி ஒப்படைத்தார்கள். மூடுபனி இல்லை, தவளைகள்தாம்.

இதனால் நெல் விளையுமா என்றால், விளையாது. ஜியாக்கோனி அந்நாளிற் பணிபுரிந்த நிறுவனம், விமான நிலையங்களிற் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவிகளைப் பின்னர் செய்து விற்றது உண்மையே. ஆனால் அதைக் காட்டி இப்படிப்பை விற்க நான் விரும்பவில்லை. முடிவில் உத்தியோகம் கிடைக்குமா என்பதற்கும் நான் உறுதி கூற மாட்டேன்; எந்தப் படிப்புக்கும் அப்படி உறுதி கூறுகிறவரை நம்பவும் வேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். சந்திரா எடுத்த தரவுகள், குறித்த தவணை கழிந்தபின், உலகில் எவரும் இலவசமாக எடுத்து ஆராயும்படி திறந்து வைக்கப்படுகின்றன. உலை மண்டலத்தின் எண்பத்தொரு நாளும் அங்ஙனமே கிடக்கின்றன. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பௌதிகம் கற்பிக்கப்படுகிறது. ஒரு கணினியும் இணைய இணைப்பும் புள்ளிவிவரக் கணிதத்திற் பயிற்சியும் இருந்தால், ஹார்வார்டில் இருக்கும் மாணவி பார்க்கும் அதே ஒளித்துகளை உன்னிச்சை மாணவியும் பார்க்கலாம். மீன்பிடிக்கப் படகு இல்லாதவனுக்குக் கரையிலேயே மீனைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். தரம் பிரிக்கத் தெரிந்தால் போதும்.

நம் அயல்நாட்டிலும் இத்துறை நெடுங்காலமாய் வளர்ந்து வருகிறது. கேரளத்துத் தும்பாவிலிருந்து 1960களின் பிற்பகுதியிலேயே எக்ஸ்-கதிர்க் கருவிகளை ரொக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள். 1975இற் சென்ற ஆரியபட்டாவிலும் ஓர் எக்ஸ்-கதிர்ச் சோதனை இருந்தது. மின்சாரம் பழுதுபட்டதால் சில நாளிலே நின்றுபோயிற்று. நாற்பது ஆண்டு கழித்து, 2015 செப்டெம்பரில், 'ஆஸ்ட்ரோசாட்' ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. அங்கே இதைக் கற்க விரும்புகிறவர்களுக்கு ஆசிரியர்களும் ஆய்வுகூடங்களும் உண்டு.

இனி, மகளுக்கு. வழக்கு முழுவதும் தீர்ந்துவிட்டதென்று அவள் எண்ண வேண்டாம். எக்ஸ்-கதிர் ஒளிர்வு மிகப் பலமாயிருப்பது 30 கிலோ எலெக்ட்ரன் வோல்ட் ஆற்றலையடுத்து. சந்திராவின் கண்ணோ பத்துக்குள்ளேயே மங்கிவிடுகிறது. தடித்த தூசியும் வாயுவும் சுற்றி மூடிய கருந்துளைகள் பலவென்றும், மென்கதிரை அத்திரை மறித்துவிட வன்கதிர் மட்டும் வெளியேறுகிறதென்றும் கணக்குகள் சொல்கின்றன. வைத்தியசாலைப் படத்தில் எலும்பு மறிப்பதைப் போன்றதே இதுவும். 2012இல் அனுப்பிய 'நூஸ்டார்' என்னும் செய்மதி 8 முதல் 24 கிலோ எலெக்ட்ரன் வோல்ட் வரையுள்ள ஒளிர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் புள்ளிகளாகப் பிரித்திருக்கிறது. மற்ற இரண்டு பங்கும் இன்னும் இரைச்சலாகவே இருக்கின்றன.

சந்திராவுக்கும் வயதாகிவிட்டது. ஐந்தாண்டுக்கென்று அனுப்பிய கருவி கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2024 மார்ச் மாதத்தில், ஆண்டுக்கு ஏறக்குறைய 680 இலட்சம் டொலராயிருந்த அதன் செலவை 410 இலட்சமாக வெட்டலாமென்று நாசாவின் வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழிந்தார்கள். வானியலாளர் பலர் கையெழுத்துத் திரட்டி எதிர்த்தார்கள். அத்தனை கூர்மையுள்ள வேறு எக்ஸ்-கதிர்க் கண் இன்று விண்ணில் இல்லை.